இதயம் காக்கும் அளவறிதல்

(மணலியில் மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற நல்வாழ்வு உரையின் எழுத்து வடிவம்)



சமண இல்லங்களில் நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கை ஒன்று உண்டு. புலால் உண்ணாதவர்க்கு மாரடைப்பு வாராது என்பதே அது. ஊன் இல்லை, முட்டை இல்லை, மது இல்லை, கதிரவன் மறைந்தபின் உணவும் இல்லை. இத்தகைய இல்லத்தில் இதய நோய் எவ்வழியாக நுழையும் என்று முதியோர் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆயினும் உறவினர் ஒருவர்க்கு ஸ்டென்ட் வைத்த செய்தியையோ, ஐம்பது வயதுக்குள் ஒருவர் திடீரென மறைந்த செய்தியையோ கேளாத குடும்பம் இன்று எந்தச் சமூகத்திலும் அரிது. சமணர் அதற்கு விலக்கல்லர்.

அந்த நம்பிக்கையில் பாதி உண்மை உள்ளது. இங்கிலாந்தில் 48,000 பேரை 18 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆக்ஸ்போர்டு ஆய்வின் முடிவுகள் 2019-ஆம் ஆண்டு வெளிவந்தன. புலால் உண்போரைக் காட்டிலும் மரக்கறி உணவினர்க்கு இதயத் தமனி நோய் 22 விழுக்காடு குறைவாக இருந்தது. முன்னோர் காத்த கொல்லாமை நெறி உடலுக்கும் நன்மை செய்வது இதனால் விளங்கும். ஆனால் அதே ஆய்வு, மரக்கறி உணவினர்க்குப் பக்கவாதம் 20 விழுக்காடு மிகுதியாக இருந்ததையும் கண்டது. வைட்டமின் பி-12 போன்ற சத்துகளின் குறைவு அதற்குக் காரணமாகலாம் என்பது அறிஞர் கூறும் ஊகங்களுள் ஒன்று. ஆகவே புலால் நீக்கிய உணவு, நீக்கிய அளவிலேயே முழுக் காவல் ஆகிவிடாது. தட்டில் எது இல்லை என்று பார்ப்பதோடு, இருப்பது எவ்வளவு என்றும் பார்த்தல் வேண்டும்.

நோய் வளரும் வழி

இதயம் உடல் முழுமைக்கும் குருதியைச் செலுத்துகிறது. அவ்விதயத்தின் தசைக்கும் உணவும் உயிர்வளியும் வேண்டும். அவற்றைக் கொண்டு தருபவை இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் தமனிகள். எழுதுகோலின் மையக்குச்சியைவிடச் சற்றே பருத்த குழாய்கள். இக்குழாய்களின் உட்சுவர் வழவழப்பானது. உயர்ந்த இரத்த அழுத்தமும், மிகுந்த சர்க்கரையும், புகையிலையின் நச்சும் அச்சுவரைப் புண்படுத்துகின்றன. புண்பட்ட இடத்தின் வழியே கெட்ட கொழுப்பு என்று வழங்கப்படும் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் உள்ளே புகுந்து படிகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அப்படிவு தடிக்கிறது.

குழாய் மெல்ல மெல்ல அடைபட்டு ஒருநாள் முழுதும் மூடிக்கொள்வதே மாரடைப்பு என்று பலர் எண்ணுவர். பெரும்பாலும் நிகழ்வது வேறு. பாதி அடைப்புக்கூட இல்லாத ஒரு படிவின் மேல்தோல் திடீரென வெடிக்கிறது. வெடிப்பை மூடுவதற்காகக் குருதி அங்கே உறைகிறது. அந்த உறைகட்டியே சில நிமிடங்களில் குழாயை அடைத்துவிடுகிறது. நேற்றுவரை நன்றாக நடமாடியவர் இன்று வீழ்வது இதனால்தான். வலி இல்லை என்பதைக் கொண்டு நோய் இல்லை என்று துணிதல் தவறு என்பதும் இதனால் பெறப்படும்.

இப்படிவு இளமையிலேயே தொடங்கிவிடுகிறது. தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயதின் நடுமதிப்பு 53 என்றும், பிற நாட்டினர்க்கு அது ஏறத்தாழ 59 என்றும் 2007-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. குடும்பத்தைத் தாங்கும் வயதில் ஆறு ஆண்டுகள் முன்கூட்டியே இந்நோய் வந்து நிற்கிறது. மக்களின் கல்வியும் திருமணமும் முடியாத வேளையில் வரும் அந்த ஆறு ஆண்டுகளின் பொருள் இல்லறத்தார்க்கு நன்கு விளங்கும்.

ஒன்பது காரணிகள்

கேரளத்தில் பிறந்து, பெங்களூரில் மருத்துவம் பயின்று, கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுப் என்னும் இதயவியல் அறிஞரின் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004-இல் வெளிவந்தது. முதல் மாரடைப்பின் ஆபத்தில் ஆண்களிடம் 90 விழுக்காட்டையும் பெண்களிடம் 94 விழுக்காட்டையும் ஒன்பது காரணிகளே விளக்கிவிடுகின்றன என்பது அதன் முடிவு. புகையிலை, கொழுப்பின் சீர்கேடு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காயும் பழமும் குறைந்த உணவு, உடலுழைப்பின்மை, மதுவழக்கம் ஆகியவையே அவை. எல்லா நாட்டிலும் எல்லா இனத்திலும் இவையே முதன்மையாக நின்றன.

இதில் பெரிய ஆறுதல் ஒன்று உண்டு. இவற்றுள் பெரும்பாலானவை மாந்தர் முயற்சிக்கு உட்பட்டவை. வினைப்பயன் என்று வாளா இருந்துவிடுவதற்கு இங்கே இடமில்லை. வினை செய்பவனே அதனை மாற்றவும் வல்லவன் என்பதுதானே சமணத்தின் அடிப்படை.

பிறப்பால் வரும் கூறும் உண்டு என்பது உண்மையே. தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ 65 வயதுக்கு முன்பும் இதய நோய் வந்திருந்தால் அக்குடும்பத்தார் மிக்க விழிப்புடன் இருத்தல் வேண்டும். உறவுக்குள்ளேயே மணவினை நிகழும் சிறுபான்மைச் சமூகத்தில் ஒரு குடும்பத்தின் நோய் வரலாறு பல குடும்பங்களுக்குச் செய்தியாகும். அதை மறைத்து வைப்பதால் எவர்க்கும் பயனில்லை.

வயல் போயிற்று, தட்டு மாறவில்லை

வந்தவாசி, ஆரணி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் உழவை நம்பி வாழ்ந்த நயினார் குடும்பங்கள் பல, கல்வியும் வேலையும் நாடிச் சென்னைக்கு வந்தன. ஊரில் பாட்டனார் விடியலில் ஏர் பூட்டினார், ஏற்றம் இறைத்தார், களத்தில் போரடித்தார். பாட்டி கிணற்றில் நீர் சேந்தினார், உரலில் நெல் குத்தினார், ஆட்டுக்கல்லில் மாவரைத்தார். அவர்கள் உண்ட சோறும், நெய்யும், ஊறுகாயும், வடகமும் அந்த உழைப்புக்கு ஈடாயின. வியர்வையில் உப்பு வெளியேறியது.

பேரன் மணலியிலும் திருவொற்றியூரிலும் நாற்காலியில் அமர்ந்து பணிபுரிகிறான். வீட்டில் கிரைண்டரும் மிக்சியும் துணி துவைக்கும் இயந்திரமும் உழைக்கின்றன. தட்டு மட்டும் வயல்காட்டுத் தட்டாகவே இருக்கிறது. அதன்மேல் பேக்கரியும், பொட்டலத் தின்பண்டமும், நாளுக்கு நான்கு வேளை சர்க்கரையிட்ட காப்பியும் ஏறிக்கொண்டன. அனைத்தும் மரக்கறியே; ஆயினும் இதயத்துக்கு நண்பர்கள் அல்ல.

மணலியின் வாழ்க்கைக்கே உரிய இடர்கள் இரண்டு உள்ளன. ஒன்று, ஷிப்டு முறைப் பணி. 1960-களின் பிற்பகுதி முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பும் உரமும் வேதிப்பொருளும் உற்பத்தியாகும் ஊராக மணலி வளர்ந்தது. அத்தொழில்கள் இரவிலும் நிற்பதில்லை. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளிவந்த கட்டுரை, முறைமாற்றிப் பணிபுரிவோர்க்கு மாரடைப்பு 23 விழுக்காடு மிகுதி என்று கண்டது. தூக்கம் கெடுவதும் நேரங்கெட்டு உண்பதும் குருதியழுத்தத்தையும் சர்க்கரையையும் உயர்த்துகின்றன. இத்தகைய பணியில் இருப்பவர் வேலையை விட்டுவிட முடியாது. இருட்டறையில் ஏழு மணிநேரத் தூக்கத்தைப் பகலிலேனும் உறுதி செய்துகொள்ளலாம். வீட்டார் அந்நேரத்தில் தொலைக்காட்சியை அடக்கி வைக்கலாம்.

மற்றொன்று காற்று. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் நாட்டின் தொழிற்பகுதிகளை அளவிட்டபோது, மிகக் கடுமையாக மாசடைந்தவை என்று குறித்த 43 பகுதிகளுள் மணலியும் ஒன்று. காற்றில் மிதக்கும் நுண்துகள்களில் மிகச் சிறியவை முடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாதவை. அவை நுரையீரலோடு நிற்பதில்லை. அழற்சியை உண்டாக்கி, குருதிக் குழாய்களின் உட்சுவரைக் கெடுத்து, குருதி எளிதில் உறையும் நிலையையும் ஏற்படுத்துகின்றன. ஓராண்டின் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மிகாமல் இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு அறிவுரை. இந்தியத் தரநிலை 40. காற்றைத் தனி மனிதன் ஒருவனால் தூய்மை செய்ய இயலாது. ஆகவே இவ்வட்டாரத்தில் வாழ்வோர், தம் கையில் உள்ள ஏனைய காரணிகளைப் பிறரினும் கண்டிப்பாகக் காத்தல் வேண்டும்.

பேசாத நோய்

உயர் இரத்த அழுத்தத்துக்குக் குரல் இல்லை. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. ஆகவே தமக்கு அழுத்தம் இல்லை என்பர். தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த மாநில அளவிலான ஆய்வின்படி, பெரியவர்களுள் 33.9 விழுக்காட்டினர்க்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களுள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினரே. மூவரில் ஒருவர்க்கு நோய். நோயுற்ற நூறு பேரில் தொண்ணூற்றிரண்டுக்கும் மேற்பட்டோர்க்கு அது கட்டுக்குள் இல்லை. நீரிழிவு 17.6 விழுக்காட்டினர்க்கு இருந்தது. அதைக் கட்டுக்குள் வைத்திருந்தோர் 10.8 விழுக்காட்டினர். இந்நிலையை மாற்றுவதற்காகவே 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பெற்று, மாத்திரைகள் வீட்டு வாயிலுக்கே வருகின்றன.

முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் தம் நான்கு எண்களை அறிந்திருத்தல் நன்று. இரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டினால் மருத்துவரைக் காண வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை 126-ஐ எட்டினால் அது நீரிழிவு. எல்.டி.எல். கொலஸ்ட்ரால் பொதுவாக 100-க்குக் கீழும், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்க்கு 70-க்கும் கீழும் இருத்தல் வேண்டும். இடுப்பின் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உட்பட்டிருத்தல் நலம். ஜாதகக் கட்டத்தை மனப்பாடமாகச் சொல்லும் இல்லங்களில் இந்நான்கு எண்களும் மனத்தில் இருக்கலாம். மரக்கறி உணவினர் வைட்டமின் பி-12 அளவையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுதல் ஏற்றது.

போகோபபோகப் பரிமாணம்

இல்லறத்தார்க்கு வகுக்கப்பெற்ற பன்னிரண்டு விரதங்களுள் போகோபபோகப் பரிமாணமும் ஒன்று. துய்க்கும் பொருள்களுக்கு அளவு வகுத்துக்கொள்ளுதல் அதன் பொருள். எது தகும், எது தகாது என்பதோடு அறநூலார் நின்றுவிடவில்லை. தகுவதற்கும் எல்லை வேண்டும் என்றனர். இன்றைய மருத்துவம் கூறும் உணவு நெறி முழுவதையும் இந்த ஒரு விரதத்தில் அடக்கிவிடலாம்.

உப்பை எடுத்துக்கொள்வோம். ஒருவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. ஒரு தேக்கரண்டி அளவு. இந்தியர் உண்பது ஏறத்தாழ இரு மடங்கு. நால்வர் கொண்ட குடும்பத்தில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் 50 நாள்களுக்கு மேல் வர வேண்டும். பொட்டலம் பிரித்த தேதியை அதன்மீதே எழுதிவைத்தால் கணக்கு தானே விளங்கும். ஒரு மாதத்துக்குள் அது தீருமாயின் அவ்வில்லத்தில் அளவு தவறியுள்ளது. அப்பளம், ஊறுகாய், வடகம், மோர்மிளகாய், கடையில் வாங்கும் மிக்சர் ஆகியவற்றின் உப்பு இக்கணக்கில் சேராமல் மறைந்து வருவது. உப்பு குறைந்த உணவு முதல் இரண்டு வாரம் சுவைக்காது. பின்னர் நாவே பழகிவிடும்.

எண்ணெய் எதுவாயினும், செக்கில் ஆட்டியதாயினும், ஒருவர்க்கு மாதம் அரை லிட்டருக்கு மிகாமை நன்று. நெய்க்கும் இக்கணக்கில் இடம் உண்டு. பலகாரம் பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுதல் கூடாது. வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொழுப்பை ஏற்றி நல்ல கொழுப்பைக் குறைக்கும் இயல்புடையது. எண்ணெயிலும் கொழுப்பிலும் அதன் அளவு 2 விழுக்காட்டுக்கு மிகலாகாது என்னும் விதி 2022 ஜனவரியிலிருந்து இந்தியாவில் நடைமுறையில் உள்ளது. ஆயினும் மலிவான கடைப் பலகாரங்களில் எச்சரிக்கை வேண்டும்.

தட்டில் பாதி காயும் கீரையுமாக இருக்கட்டும். கால் பங்கு பருப்பும் பயறும். எஞ்சிய கால் பங்கே சோறு. கிழங்கு வகைகளை நீக்கிய சமணச் சமையலில் அவரை, புடல், பீர்க்கு, பூசணி, வெண்டை, சுண்டை என்று இதயத்துக்கு இனிய காய்கள் நிறைந்துள்ளன. விழா நாள்களில் பந்தியில் மூன்று இனிப்புக்கு ஒன்று, இரண்டு பொரியலுக்கு மேலும் ஒன்று என்று மாற்றினால் விருந்தின் சிறப்புக் குறையாது.

இரவுண்ணாமையும் மருந்தும்

கதிரவன் மறையுமுன் உண்ணும் வழக்கத்தை இன்று அறிவியலும் மதிப்புடன் நோக்குகிறது. பிரான்சில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கவனித்து 2023-இல் வெளிவந்த ஆய்வில், இரவு 9 மணிக்குப் பின் உண்டோர்க்கு, 8 மணிக்கு முன் உண்டோரைக் காட்டிலும், பக்கவாதம் முதலிய மூளைக் குருதிக்குழாய் நோய்கள் 28 விழுக்காடு மிகுதியாகக் காணப்பட்டன. இளந்தலைமுறை நழுவவிடும் இந்நெறியை மீட்டெடுக்க இதுவும் ஒரு காரணமாகட்டும்.

ஆனால் இங்கே இடர் ஒன்று உண்டு. மருத்துவர் இரவில் எழுதிக்கொடுத்த மாத்திரையை, நீரும் பருகாத விரதத்தின் பொருட்டு, விட்டுவிடும் பெரியோர் உள்ளனர். அதற்குத் தேவையே இல்லை. இரத்த அழுத்த மாத்திரையைக் காலையில் உண்பதா, மாலையில் உண்பதா என்று 21,000-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்த பிரிட்டன் ஆய்வு ஒன்று, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுப்பதில் வேறுபாடு இல்லை என்று 2022-இல் தெரிவித்தது. அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரைகளையும் எந்நேரத்திலும் உண்ணலாம். விரதத்தை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கூறி, நேரத்தைப் பகலுக்கு மாற்றித் தருமாறு கேட்டால் போதும். கூச்சப்பட்டு மறைத்து, மாத்திரையை விடுவதே ஆபத்து.

உபவாசத்துக்கும் இது பொருந்தும். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுப்பவர் உண்ணாதிருந்தால் சர்க்கரை அளவு உயிருக்கு ஊறாகும்படி வீழலாம். நீர் பிரியச் செய்யும் மாத்திரை எடுப்பவர் நீரின்றி இருந்தால் அழுத்தம் சரியும். ஸ்டென்ட் வைத்தவர், குருதி உறையாமல் காக்கும் மாத்திரையை ஒருநாளும் தாமாக நிறுத்தலாகாது, ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளக்கூடும். இத்தகையோர் தசலட்சண நாள்களுக்கு முன்பே மருத்துவரைக் கலந்து, தம்மால் இயன்ற ஏகாசனத்தையோ சுவைத்துறவையோ மேற்கொள்ளலாம். ஆற்றலுக்கேற்ற தவமே தவம்.

குப்பி மாத்திரைகளின் உறை பெரும்பாலும் விலங்கிலிருந்து பெறும் ஜெலட்டினால் ஆனது என்று தயங்குவோர் உளர். இதய நோய்க்கு வழங்கும் முதன்மையான மருந்துகள் பலவும் உறையற்ற மாத்திரையாகவே கிடைக்கின்றன. மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு மாற்றிக்கொள்ளலாம். மாற்று கிடைக்கும்வரை மருந்தை நிறுத்துதல் கூடாது.

ஒரு குடியிருப்பு கட்டிய பூங்கா

சென்னையிலேயே நிகழ்ந்த ஒரு செய்தி இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. மருத்துவர் வி. மோகன் தலைமையிலான குழுவினர் 1990-களின் பிற்பகுதியில் நகரின் இரு குடியிருப்புகளில் நடத்திய ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டோருள் 11 விழுக்காட்டினர்க்கு இதயத் தமனி நோய் இருப்பது தெரிந்தது. அக்குடியிருப்புகளுள் ஒன்று திருமங்கலத்தில் நடுத்தர வருவாயினர் வாழ்ந்த ஆசியாட் காலனி. அங்கே வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் 14.2 விழுக்காட்டினர் மட்டுமே. முடிவுகள் மக்களுக்கு எடுத்துரைக்கப்பட்டன. அவர்கள் அரசை எதிர்நோக்கி நிற்கவில்லை. தாமே பொருள் திரட்டி நடைபயிலப் பூங்கா ஒன்றை அமைத்தனர். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பயிற்சி செய்வோர் 58.7 விழுக்காடாக உயர்ந்திருந்தனர். பத்தாண்டு இடைவெளியில் நீரிழிவு அக்குடியிருப்பில் 12.4-இலிருந்து 15.4 விழுக்காடாக மட்டுமே கூடிற்று. பூங்கா இல்லாத மற்றக் குடியிருப்பிலோ 6.5-இலிருந்து 15.3 விழுக்காடாக இரு மடங்குக்கு மேல் பெருகிற்று.

தனியே ஒருவன் நடக்கத் தொடங்கினால் மூன்று வாரத்தில் நின்றுவிடுவான். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து தொடங்கினால் நடை வழக்கமாகிவிடும். நாள்தோறும் அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் விரைநடை போதும். பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும். அதுவே வேகத்தின் அளவு. கண்டெய்னர் லாரிகள் நிற்கும் பெருஞ்சாலையின் ஓரம் நடத்தல் இவ்வூரில் கூடாது. உட்தெருக்கள், மாநகராட்சிப் பூங்கா, ஜினாலய வளாகம், மொட்டைமாடி ஆகியவை ஏற்ற இடங்கள். காற்றில் புகை நெடி மிகுந்த நாளில் வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்தல் நலம்.

உடலோடு உள்ளமும் சேர்ந்ததே இதயநலம். கடுஞ்சினம் எழும்போது குருதியழுத்தம் ஏறுகிறது, துடிப்பு மிகுகிறது. ஏற்கெனவே உள்ள படிவு வெடிக்கவும் அது தூண்டலாம். உத்தம க்ஷமையைத் தசலட்சணத்தில் முதலாவதாக வைத்தவர்கள் அதனை உயிருக்கு உறுதியாகக் கூறினர்; அது உடலுக்கும் உறுதியாகிறது. புகையிலை எவ்வடிவிலும் இல்லத்தில் நுழையலாகாது. சாமாயிகத்தில் அமரும் சில நாழிகை, கைப்பேசியற்ற சில நாழிகையாகவும் அமையட்டும்.

நெஞ்சு வலிக்கும் வேளையில்

இத்தனை காத்தும் மாரடைப்பு வரலாம். அப்போது நேரமே மருந்து. நெஞ்சின் நடுவே பாறை வைத்தாற்போன்ற இறுக்கம், இடத்தோளுக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சிரைப்பு ஆகியவை அடையாளம். பெண்களுக்கும், நீரிழிவு உடையார்க்கும், முதியோர்க்கும் வலியே இன்றிக் களைப்பும் குமட்டலும் மூச்சிரைப்பும் மட்டும் தோன்றலாம். "வாயுத் தொல்லைதான்" என்று ஓமமும் சோடாவும் கொடுத்துப் பொழுது விடியட்டும் என்று காத்திருப்பதில்தான் பல உயிர்கள் போகின்றன. குழந்தைகள் பதறுவார்களே என்று இரவெல்லாம் வலியைப் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களுக்கு இது சிறப்பாகச் சொல்லத்தக்கது. வலியைப் பொறுத்தல் அங்கே பொறுமை ஆகாது.

ஐந்து நிமிடத்துக்கு மேல் இத்தகைய வலி நீடித்தால் 108-ஐ அழைத்தல் வேண்டும். நோயாளரை நடக்கவோ வண்டி ஓட்டவோ விடலாகாது. அண்மையில் இ.சி.ஜி. எடுக்க வசதியுள்ள மருத்துவமனையை அடைதலே முதல் வேலை. 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய முதலுதவி மாத்திரைகள் உடனே வழங்கப்பெறுகின்றன. பின்னர் ராயபுரத்தை அடுத்துள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனை போன்ற, இதயவியல் துறை உடைய பெரிய மருத்துவமனைக்குச் செல்லலாம். துறைமுகச் சாலைகளின் லாரி நெரிசலைக் கருதினால், அருகிலேயே முதல் மருந்தைப் பெற்றுச் செல்வதன் அருமை மணலி மக்களுக்குப் புரியும்.

இம்முறை பயன் தருவதைத் தமிழ்நாடே உலகுக்குக் காட்டியுள்ளது. 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளரிடம் நடந்த ஆய்வில், சிறு மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்து உடனுக்குடன் சிகிச்சை அளித்தனர். ஓராண்டுக்குள் நேர்ந்த இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் அதற்குக் காரணமன்று. இருந்த சிகிச்சை ஒழுங்குபட்டு உரிய வேளையில் சென்று சேர்ந்தது.

ஒருவர் நினைவிழந்து மூச்சற்று வீழ்ந்தால், மார்பின் நடுவே இரு கைகளையும் கோத்து வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழம் அமுங்கும்படி, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாது அழுத்த வேண்டும். இதனைக் கற்க ஒரு பிற்பகல் போதும்.

அறக்கட்டளைகள் செய்யத்தக்கவை

ஜினாலயத்துக்கு வரும் ஒவ்வொருவர்க்கும் மாதம் ஒருமுறை இரத்த அழுத்தம் பார்க்கத் தானியங்கிக் கருவி ஒன்று வாங்கி வைக்கலாம். விழாப் பந்தியில் உப்பும் எண்ணெயும் இனிப்பும் அளவோடு அமையச் சமையற்காரரிடம் முன்கூட்டியே கூறலாம். ஞாயிறுதோறும் குடும்பத்தோடு நடைபயிலும் வழக்கத்தைத் தொடங்கலாம். இளைஞர்க்கு நெஞ்சழுத்தப் பயிற்சி அளிக்கலாம். தனித்து வாழும் முதியோரின் மாத்திரைப் பட்டியலையும் அவசர எண்களையும் ஒரு தொண்டர் எழுதி அவர்தம் கதவின் உட்புறத்தில் ஒட்டலாம். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை.

பிற உயிர் வருந்தலாகாது என்று சுவைகளைத் துறந்த மரபு இது. அம்மரபில் வந்தவர்க்குத் தம் உயிரையும் பேணும் கடமை உண்டு. அவ்வுயிரை நம்பி மனைவியும் மக்களும் பெற்றோரும் இருக்கின்றனர். விரதங்களை நோற்கவும், தானம் செய்யவும், சுவாத்தியாயம் பயிலவும் இம்மானிட உடலே கருவி. இவ்விழா முடிந்து இல்லம் திரும்பும் ஒவ்வொருவரும், அடுத்த விழாவுக்கு முன் தம் இரத்த அழுத்தத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வதாக இன்றே உறுதி கொள்வார்களாக. அறம் வாழ்க! அகிம்சை ஓங்குக!